கல்லு வெட்டுற கப்பல்

பொங்கலுக்கு வந்த அக்கா மகன் திண்ணையில லேப்டாப்போட உட்கார்ந்துட்டான். 'ஈவ் ஆன்லைன்'னு ஒரு விண்வெளி விளையாட்டு. 2003-ல ஐஸ்லாந்துக்காரங்க கொண்டு வந்ததாம். கப்பலை நிறுத்தி மணிக்கணக்கா விண்கல்லை வெட்டிக்கிட்டே இருக்கான்.

"என்னடா, மம்பட்டி வேலை மாதிரியில்ல இருக்கு?"

"ஆடுறவங்களே அப்படித்தான் திட்டுறாங்க மாமா. எக்செல் ஷீட்டுக்குக் கப்பல் படம் ஒட்டியிருக்குன்னு."

"அப்புறம் ஏன் விடாம ஆடுறீங்க?"

"இதுல உடைஞ்ச கப்பல் போனதுதான், திரும்ப வராது. அந்தப் பயம்தான் ருசியே."

2014 ஜனவரி சண்டையைச் சொன்னான். ஒரு கூட்டணி தன் இடத்துக்குக் கட்டவேண்டிய தொகை கட்டாம விட்டுப்போச்சாம். அதுல மூண்ட சண்டை சுமார் 21 மணி நேரம். இருக்கிறதுலயே பெரிய கப்பலான டைட்டன் 75 காலி.

எனக்குச் சிரிப்பு வரலை. போன வருஷம் சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்டுற கடைசித் தேதியை ஒரே ஒரு நாள் தவறவிட்டவன் நான். கார்த்திகை மழையில மூணு ஏக்கர் தண்ணியில நின்னு அழுகிச்சு. அந்தப் பயத்துல என்ன ருசி இருக்குன்னு இன்னும் எனக்குப் பிடிபடலை.

"தோத்தவங்க அப்புறம் ஆடினாங்களாடா?"

"ஆடாம? புதுக் கப்பல் வேணும்னா மறுபடி கல்லு வெட்டித்தானே ஆகணும் மாமா."