ஊட்டிப் பூங்காவில் பூக்களுக்குப் பின்னால் இருக்கும் சொற்கள்

மே மாதத்தில் ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவுக்குள் நுழைபவர்கள் முதலில் தேடுவது, செல்ஃபி எடுக்க ஒரு நல்ல இடம். பேன்சியும் பெட்டூனியாவும் பாத்தி பாத்தியாகப் பூத்திருக்கும். மாடங்களில் தொட்டிகள் அடுக்கடுக்காக நிற்கும். ஒரு மணி நேரத்தில் போனில் நூறு படங்கள் சேர்ந்துவிடும். பாத்தி ஓரத்தில் குனிந்து வேலை செய்யும் தோட்டக்காரர்களை அந்தப் படங்களில் பெரும்பாலும் காண முடியாது. கவாத்து, பதியன், மிலார் என்று அவர்கள் தொழிலில் புழங்கும் நாலைந்து சொற்களுக்குப் பொருள் தெரிந்துவிட்டால், இதே பூங்கா வேறு மாதிரி தெரியும்.

தொட்டபெட்டா மலைச்சரிவில், கடல் மட்டத்திலிருந்து 2,250 மீட்டரில் தொடங்கி 2,500 மீட்டர் வரை ஏறுகிறது இந்தத் தோட்டம். பரப்பு 55 ஏக்கர். 1840-களில் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்களுக்குக் காய்கறி கிடைப்பதே பெரும்பாடு. ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் நடத்திப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. பிறகு 1848-ல், இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் தொழில் கற்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் வந்தார். மேலே காடும் கீழே சதுப்புமாகக் கிடந்த சரிவைப் படிப்படியாக வெட்டித் தோட்டமாக்கினார். இன்று புல்தரையில் உருண்டு விளையாடும் குழந்தைகளுக்குக் கீழே இருப்பது அந்தப் பழைய சதுப்புதான்.

ஒரு பருவம், பல ஆண்டு, பன்னிரண்டு ஆண்டு

கண்காட்சிப் பாத்திகளில் இருப்பவை பெரும்பாலும் பருவச் செடிகள். விதை முளைத்து, வளர்ந்து, பூத்து, விதை தந்து, சில மாதங்களிலேயே ஆயுள் முடிந்துபோகிற ரகம். மே மாதம் பூக்க வேண்டுமானால் குளிர் காலத்திலேயே நாற்றங்காலில் விதை விழுந்திருக்க வேண்டும். நாற்றை நேராகக் கொண்டுபோய் வெயிலில் நட்டால் துவண்டுவிடும். அதனால் நிழலில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்தி, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குவார்கள். 2024-ல் நடந்தது 126-வது மலர்க் கண்காட்சி. அத்தனை ஆண்டுகளும் காலண்டரைப் பின்னோக்கி எண்ணித்தான் வேலை நடந்திருக்கிறது.

பாத்திகளில் வாடிய பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பதைப் பார்க்கலாம். அழகுக்காக மட்டும் செய்வதில்லை. பருவச் செடிக்கு ஒரே குறி, விதை. விதை பிடித்துவிட்டால் இனி பூத்து என்ன பயன் என்று ஓய்ந்துவிடும். வாடிய பூவைக் கிள்ளிவிட்டால், வேலை முடியவில்லை என்று மறுபடி மொட்டு விடும். மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்களும் செய்து பார்க்கலாம். ஒரு காசு செலவில்லை.

ரோஜா, கமேலியா போன்றவை பல்லாண்டுச் செடிகள். ஆண்டுதோறும் பூத்துக்கொண்டே வாழும். இந்த இரண்டிலும் அடங்காத ஒன்று நீலகிரியின் புல்வெளிகளில் இருக்கிறது: குறிஞ்சி. 12 ஆண்டுகள் இலையும் தண்டுமாகவே வாழ்ந்து, ஒரே ஒரு முறை மலையே நீலமாகப் பூத்து, விதை சிந்திவிட்டு மடிகிறது. பெட்டூனியா சில மாதங்களில் முடித்துக்கொள்ளும் அதே கதையைக் குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு இழுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தொட்டியில் வைத்துக் கண்காட்சிக்குத் தயார் செய்ய முடியாத பூ!

மிலார் போர்வை

டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டியில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்கள் காலையில் வெள்ளை விரித்துக் கிடப்பது அதனால்தான். சுற்றுலாப் பயணிக்கு அது காஷ்மீர். தோட்டக்காரருக்குக் கவலை. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்தால் நுண்ணறைகள் கிழிந்துவிடும்; வெயில் ஏறியதும் இலை வெந்ததுபோல் கறுத்துப்போகும்.

இதற்கு இங்கே கைவசம் இருக்கும் மருந்து மிலார். மெல்லிய குச்சிகளோடு கூடிய தழை. மாலையில் செடிகளின் மேல் இதைப் பந்தல்போல் நட்டு மறைக்கிறார்கள். இரவில் செடியின் சூடு திறந்த வானத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். நடுவே ஒரு கூரை இருந்தால் அது குறையும். விடிந்ததும், வெயில் சுள்ளென்று விழுவதற்கு முன்பே தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுவார்கள். கண்காட்சியன்று மேடையில் இதைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை. ஆனால் இந்த இரண்டு மாதம் தவறினால், பல்லாண்டுச் செடிகளில் பாதி மே மாதத்தைப் பார்க்காது.

வெட்ட வெட்ட வளர்வது ஏன்?

பெரிய புல்தரையில் இருக்கும் கிக்குயூ புல், கென்யா பக்கத்திலிருந்து வந்தது. வாராவாரம் மெஷின் வைத்து வெட்டினாலும் சாவதில்லை. காரணம், புல்லின் வளரும் இடம் நுனியில் இல்லை. அடியில், தரையோடு ஒட்டி இருக்கிறது. மாடு மேய்ந்தாலும் மெஷின் மேய்ந்தாலும் போவது மேல் பாதி மட்டுமே. வெட்டுக்கு அஞ்சாத அந்தப் புல், காலுக்கு அஞ்சும். ஆயிரக்கணக்கானோர் மிதிக்கும்போது மண் இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் போகாமல் புல் மஞ்சளாகிவிடுகிறது. கூட்டம் ஓய்ந்ததும் சில வாரங்களுக்குப் புல்தரையை மூடி வைப்பது பராமரிப்பாளர்களின் பிடிவாதம் அல்ல. மண் மூச்சு விடுவதற்கான நேரம்.

மற்ற செடிகளின் கதை வேறு. அவற்றுக்கு நுனிதான் எஜமான். நுனியில் உண்டாகும் ஆக்ஸின் என்ற ஹார்மோன் கீழே இறங்கிவந்து, இலைக் கோணங்களில் தூங்கும் பக்க மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைக்கிறது. இதை நுனி ஆதிக்கம் என்கிறார்கள். நுனியைக் கிள்ளினால் ஆதிக்கம் போய், பக்கக் கிளைகள் கிளம்பிச் செடி புதராகும். குன்னூரிலிருந்து ஊட்டி வரும் வழியெங்கும் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் தேயிலை தெரிகிறதே, அது முழுக்க இந்த ஒரு விதியால் உண்டானது. தேயிலை உண்மையில் ஒரு மரம். விட்டுவிட்டால் வீட்டைவிட உயரமாகப் போகும். கொழுந்து கிள்ளிக் கிள்ளி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்து, இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

கவாத்தை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் 1995-ல் அமைக்கப்பட்ட ரோஜாப் பூங்காவுக்குப் போக வேண்டும். குளிர்காலத்தில் அங்கே ரோஜாச் செடிகளை வெட்டித் தள்ளியிருப்பதைப் பார்த்தால் மனசு கேட்காது. அந்த வெட்டிலிருந்து கிளம்பும் புதுக் கிளையில்தான் ஏப்ரல், மே பூக்கள் வரும். வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்குச் சற்று மேலே, தண்ணீர் தேங்காதபடி சாய்வாக வெட்ட வேண்டும். அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை ஒட்டுச் செடிகள். வேர் ஒரு ரோஜாவுடையது, பூ இன்னொன்றுடையது. ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு கிளை வாட்டசாட்டமாகக் கிளம்பினால் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. அது வேர்ச்செடியின் கிளை. சாப்பாட்டையெல்லாம் தானே எடுத்துக்கொண்டு மேலே இருக்கும் நல்ல ரோஜாவைப் பட்டினி போடும். ‘நர்சரியில சிவப்புன்னு சொல்லிக் கொடுத்தாங்க, இப்போ வேற ஏதோ பூக்குது’ என்ற புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

பட்டை உரித்த மனிதர்

மெக்ஐவரின் பெயர் தாவர உலகத்தில் நிற்பது பூங்காவுக்காக மட்டும் அல்ல. மலேரியாவுக்கு மருந்தான குயினைன் கிடைக்கும் சின்கோனா மரம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைச் சேர்ந்தது. 1860-களில் நீலகிரியில் அதை வளர்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மருந்து இருப்பதோ பட்டையில். பட்டைக்காக மரத்தை வெட்டினால் மரம் போச்சு. மெக்ஐவர் பட்டையை நீள நீளமான கீற்றுகளாக மட்டும் உரித்து, அந்த இடத்தைப் பாசியால் போர்த்திக் கட்டினார். புதுப் பட்டை வளர்ந்தது. அதில் மருந்துச் சத்தும் கூடுதலாக இருந்தது.

இதன் சூட்சுமம், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் கேம்பியம் என்ற மெல்லிய வளர்படலம். உள்ளே கட்டையையும் வெளியே பட்டையையும் உண்டாக்குவது அதுதான். அதைக் காயப்படுத்தாமல், காயவும் விடாமல் காத்ததால் பட்டை திரும்ப வந்தது. நம் ஊர்களில் மாதுளைக்கும் கொய்யாவுக்கும் போடும் விண்பதியன் இதற்கு நேர் எதிர். அங்கே கிளையைச் சுற்றி மோதிரம்போல் பட்டையை எடுத்து, வளர்படலத்தையும் சுரண்டிவிட்டு, பிறகுதான் ஈரப்பாசி வைத்துக் கட்டுகிறோம். இலையிலிருந்து இறங்கும் உணவும் ஆக்ஸினும் வெட்டுக்கு மேலே தேங்கி, அங்கே வேர் விடுகிறது. வைப்பது இரண்டிலும் பாசிதான். படலத்தை விட்டுவைத்தால் பட்டை, சுரண்டிவிட்டால் வேர்!

வேலி தாண்டிய விருந்தாளிகள்

பூங்காவுக்குள் பெரணி இல்லம், 2 கோடி ஆண்டு பழமையான கல்மரம், குரங்குகூட ஏறத் தயங்கும் முள் இலை மரம் என்று வேடிக்கைகள் நிறைய. எல்லாவற்றையும் தாண்டி மேல் கோடியில் தோடர் மந்து இருக்கிறது. அங்கே நின்று திரும்பிப் பார்ப்பவர்கள் இன்னும் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது: அயல் தாவரம், ஆக்கிரமிப்புத் தாவரம்.

இரண்டும் ஒன்றல்ல. பூங்காவில் இருக்கும் பேன்சியும் டேலியாவும் அயல்தான். ஆனால் ஆள் பார்த்துக்கொள்ளாவிட்டால் அடுத்த பருவம் தாண்டாதவை. 19-ம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரம் அப்படி இல்லை. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் உதவும் என்று நடப்பட்டது. அதன் விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு காத்திருக்கும். தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். வெட்டினால் துளிர்க்கும். கற்பூர மரம் என்று மலையில் அழைக்கப்படும் தைல மரமும் அப்போது வந்ததுதான். தலைவலிக்குத் தைலம் தந்தது உண்மை. மலையின் முகத்தை மாற்றியதும் உண்மை.

நீலகிரியின் உச்சிகள் முன்பு பள்ளங்களில் சோலைக் காடும் சரிவுகளில் புல்வெளியுமாக இருந்தவை. மழையை உறிஞ்சி வைத்துக் கோடையிலும் ஓடைகளுக்குக் கசியவிடும் அமைப்பு அது. வரையாடு மேய்வதும் தோடர்களின் எருமைகள் மேய்வதும் அந்தப் புல்லைத்தான். தோடர்களின் வளைந்த கூரை வேயப்படுவதும் புல்லால்தான். சீகை ஏறிய சரிவில் வெயில் தரையைத் தொடுவதில்லை. புல் போய்விடுகிறது, குறிஞ்சியும் போய்விடுகிறது. மரம் அதிகமானால் நல்லதுதானே என்று சமவெளியிலிருந்து வருபவர்கள் நினைப்பார்கள். இந்த மலையில் அந்தக் கணக்கு செல்லாது. அயல் மரங்களை அகற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், 2022-ல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டதும் இதனால்தான். வெட்டுவது ஒரு நாள் வேலை. மண்ணுக்குள் இருக்கும் விதைகள் தீரும்வரை ஆண்டுதோறும் திரும்பப் போய்ப் பிடுங்க வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். 2024 மே முதல் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். புறப்படும் முன் ஆன்லைனில் பதிவு செய்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை உண்டு. மே மாதக் கூட்டம் ஒத்துவராதவர்களுக்கு செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் இருக்கிறது. பாத்திகள் அப்போதும் நிறைந்திருக்கும். ஜனவரியில் போனால் ரோஜாப் பூங்கா வெறும் குச்சிக்காடு. மிலார் போர்த்திய பாத்தியையும் கவாத்துக் கத்தரியையும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பவர்கள், ஸ்வெட்டரோடு அப்போது போகலாம்.