கிற்றாரின் கழுத்து எந்தக் காட்டு மரம்?

திருகோணமலைப் பாலையூற்றில் ஒரு பறங்கியர் குடும்பத்திடம் வாங்கிய பழைய கிற்றார் ஒன்று என்னிடம் இருக்கிறது. செய்தவர் பெயரோ ஊரோ அதில் எங்கும் இல்லை. ஒலித்துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால், சீட்டு ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் தெரிகிறது. கழுத்து மகோகனிதான் என்று விற்றவர்கள் அடித்துச் சொன்னார்கள். எந்த மகோகனி, எந்த நாட்டுக் காடு என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். நான் கேள்வியை விடவில்லை.

இதைக் கேட்டுத் திரியத் திருகோணமலை நல்ல ஊர். போர்த்துக்கேயர் காலத்தின் வழிவந்த பறங்கியரில், அந்தக் கிரியோல் மொழியை இன்னும் பேசும் முதியவர்கள் மட்டக்களப்பிலும் இங்கும் இருக்கிறார்கள். தச்சும் இரும்பு வேலையும் அவர்களுடைய பரம்பரைத் தொழில்கள். கல்யாண வீடென்றால் வயலினும் கிற்றாரும் வெளியே வரும். கப்ரிஞ்ஞா ஆட்டம் தொடங்கும். மரத்தை இழைக்கும் கையும் தந்தியை மீட்டும் கையும் ஒன்றாகவே இருந்த சமூகம்.

பாலையூற்றில் முதிய ஓடாவி ஒருவரைத் தேடிப் பிடித்தேன். கிற்றாரைக் கையில் வாங்கி அவர் முதலில் இரண்டு மெட்டு வாசித்தார். பிறகுதான் திருப்பிப் பார்த்தார்.

"மகோகனி எண்டால் மூண்டு சாதி இருக்குத் தம்பி. பேரை வச்சு ஒண்டும் பிடிக்கேலாது. மரத்தின்ரை வெட்டு முகத்தைப் பார்க்கவேணும்."

கழுத்தின் உச்சியில், தந்தி முறுக்கும் ஆணிகளுக்கு மேலே, மரம் குறுக்காக வெட்டுப்பட்டிருக்கும். அந்த விளிம்பில் பிளேடால் வார்னிஷைச் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, பூதக்கண்ணாடியை என்னிடம் தந்தார்.

"வெள்ளையாய்க் கோடு ஏதும் ஓடுதோ?"

"இல்லை அங்கிள். புள்ளி புள்ளியாய்த் துளைதான் தெரியுது."

"அப்ப இது அமெரிக்கா மரம் இல்லை."

அந்தக் கோட்டில்தான் விஷயம் இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளின் மகோகனியும் மத்திய, தென் அமெரிக்காவின் பேரிலை மகோகனியும் சுவைடீனியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொரு வளர்ச்சிப் பருவத்தின் முடிவிலும் அவற்றில் வெளிறிய மெல்லிய கோடு ஒன்று விழும்; நல்ல வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும். மூன்றாவது சாதியான ஆப்பிரிக்க மகோகனி வேறு பேரினம், காயா. அதில் பெரும்பாலும் அந்தக் கோடு விழுவதில்லை. ஒரே அடையாளத்தை நம்பி முடிவு கட்டக்கூடாது என்று அவர் கழுத்தை வெயிலில் சாய்த்துக் காட்டினார். இருளும் ஒளியுமாக நாடா நாடாவாகப் பட்டைகள் ஓடின. காயா மரத்தின் நார் ஒரு காலம் வலப்புறமும் அடுத்த காலம் இடப்புறமும் சரிந்து வளர்கிறது. ஆரவாட்டில் அரிந்த பலகையில் அது இப்படிப் பட்டையாகத் தெரியும். சுவைடீனியாவிலும் பட்டை வரும். காயாவில் அது கூடுதல். கோடின்மை, பட்டை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கழுத்து ஆப்பிரிக்காவைத்தான் காட்டியது.

அடுத்து கிண்ணியாவில் ஒரு மரக்காலைக்குப் போனேன். இலங்கையின் உலர் வலயத்திலும் நட்டு வளர்க்கப்பட்ட காயா உண்டு என்பதால் அதை இழைத்தவர்களின் அனுபவம் வேண்டியிருந்தது. அங்கிருந்த நானா ஒரு துண்டுப் பலகையைப் பட்டறையில் இறுக்கிச் சீவுளியை ஓட்டினார். ஒரு முழம் பளபளவென்று வந்தது; அடுத்த முழத்தில் நார் எதிர்த்து நின்று சிராய் சிராயாகப் பெயர்ந்தது. "இது எந்தப் பக்கத்தாலை சீவினாலும் பாதித் தூரம் எதிர்ச் சீவல்தான் தம்பி" என்றார். அலகை நன்றாகத் தீட்டி, மிக மெல்லிசாக எடுத்து, கடைசியில் சுரண்டுதகட்டால் முடிக்கவேண்டும். வார்னிஷ் பூசுமுன் அகன்ற துளைகளை அடைக்காவிட்டால் பூச்சு குழி குழியாக இறங்கும். கிற்றாரின் பக்கப்பலகையைச் சூட்டில் வளைக்கும்போதும் இதே மாறுநார் மடிப்பில் முறிந்து வஞ்சிக்கும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் வாத்தியம் செய்வோர் இதை ஏன் தேடுகிறார்கள்? மகோகனி வகைகள் காயும்போது குறைவாகவே சுருங்கும். வளையத்தின் திசையிலும் ஆரத்தின் திசையிலும் சுருக்கம் பெரிதாக வேறுபடாததால் முறுகுவதும் குறைவு. கிற்றாரின் கழுத்தை ஆறு தந்தியும் இரவு பகலாக முன்னே இழுத்துக்கொண்டிருக்கின்றன. துறைமுகக் காற்றின் ஈரமும் கச்சான் காலத்து வறட்சியும் மாறி மாறித் தாக்கும்போது, அசையாமல் நிற்கும் மரம் வேண்டும். பாரமும் கூடாது. மேற்காபிரிக்க மழைக்காட்டுக் காயா கன மீட்டருக்குச் சுமார் 530 கிலோ; செனகலிலிருந்து கிழக்கே நீளும் வறண்ட புல்வெளிகளின் காயா 700 கிலோவைத் தாண்டும். என் கிற்றாரின் கழுத்து கைக்கு இலேசு. மழைக்காட்டு மரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

காயா ஆப்பிரிக்காவிலேயே வாத்திய மரம். மாலி நாட்டில் ஜெம்பே முழவு குடையும் மரங்களில் இதுவும் ஒன்று. கசப்பான பட்டையை அவித்துக் காய்ச்சலுக்குக் குடிக்கிறார்கள். வேம்பும் இதுவும் ஒரே குடும்பம் என்பது தெரிந்தால் அந்தக் கசப்பு நமக்குப் புதிதல்ல. வடஇந்தியாவில் சித்தார் செய்யும் தூன் மரமும் இக்குடும்பமே. நம் பக்கத்து வீணையும் மிருதங்கமும் தவிலும் மட்டும் பலாவோடு நின்றுவிட்டன.

காயா கிற்றாருக்குள் எப்படி நுழைந்தது என்று தேடியபோதுதான் கதை திருகோணமலைக்கே திரும்பியது. முதலில் ஜமேக்காவிலும் கியூபாவிலும் ஐரோப்பியர் மகோகனி வெட்டினார்கள். அங்கே பெருமரங்கள் அருகியதும் ஹொண்டுராஸ் கரைக்கும் அமேசனுக்கும் போனார்கள். பேரிலை மகோகனியும் குறைந்து, 2003இல் அதன் அமெரிக்கக் காட்டு மரங்கள், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியல் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. வணிகம் ஆப்பிரிக்காவின் மேல் இன்னும் அழுத்தமாகச் சாய்ந்தது. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு ஆப்பிரிக்கக் காயா இனங்களையும் அதே பட்டியலில் சேர்த்தது. மரக்குத்திக்கும் அரிந்த பலகைக்கும் இப்போது அனுமதிப் பத்திரம் வேண்டும்.

ஒரு காடு ஒடுங்கியதும் அடுத்த காடு என்ற இந்த வரிசையில் நம்முடைய கரையும் இருந்தது. கொட்டியாற்றுக் குடாவுக்கு 1659 இறுதியில் வந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' கப்பல் புயலில் பாய்மரம் இழந்த கப்பல். புது மரம் நாட்டும் வேளையில் வியாபாரமும் பார்க்கத்தான் அதை இங்கே அனுப்பினார்கள். அதில் வந்து கண்டி அரசனிடம் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பிப் போய் எழுதிய நூலை உலகம் அறியும். மரம் தேடி வந்த கப்பல் அது என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

சவண்டலை என்றும் சமண்டலை என்றும் நாம் சொல்லும் மரம் இங்கிருந்து மதராசுக்கு ஏறியது. அங்கே மசூலாப் படகும் வண்டியும் அதில் செய்தார்கள். ஆங்கில மர வணிகத்தில் அதற்குத் 'திருகோணமலை மரம்' என்றே பெயர். தாவரவியலாளர் ரொக்ஸ்பரோ அதன் பேரினத்துக்கு மதராஸ் மருத்துவர் அன்ட்ரூ பெரியின் பெயரை இட்டார். இலங்கையில் சாராயம் முதிர வைக்கும் பீப்பாய்களும் அதே மரந்தான். முதிரையோ இங்கிலாந்தின் சீமான் வீட்டு மேசை அலுமாரிகளுக்குப் போனது. அதை ரொக்ஸ்பரோ 1795இல் சுவைடீனியா, அதாவது மகோகனி என்றே வகைப்படுத்தினார். சில ஆண்டு முன்பு செனகல் காயாவையும் அப்படியே வகைப்படுத்தியிருந்தார்கள். 1830இல்தான் அது தனிப் பேரினமாயிற்று. முதிரை எலுமிச்சைக் குடும்பம் என்பது பிறகு தெளிந்தது. அதற்குள் நல்ல முதிரை பெருமளவு வெட்டுப்பட்டுவிட்டது. இன்று அது அழிவாய்ப்புள்ள இனங்களின் வரிசையில் இருக்கிறது.

திரும்பப் பாலையூற்றுக்குப் போய், புதிதாக ஒரு கழுத்து செய்வதானால் எந்த மரம் எடுப்பீர்கள் என்று அந்த ஓடாவியிடம் கேட்டேன். "குருநாகல் மகோகனி" என்றார் யோசிக்காமல். அங்கே சுந்தாபொலவில் 1897இல் பேரிலை மகோகனி நட்டார்கள். நட்ட மரம், பிறந்த கண்டத்துக்கு வெளியே வளர்வதால் சைட்டிஸ் பட்டியலிலும் இல்லை. வனத் திணைக்களத்தின் வழி அனுமதி இருந்தால் போதும்.

என் கிற்றாரின் கழுத்து பெரும்பாலும் மேற்காபிரிக்கக் காடு ஒன்றின் மரமாகத்தான் இருக்கும். அது எந்த நாடு என்பதைவிட, அது ஏன் வெட்டப்பட்டது என்பதே இப்போது எனக்குப் பெரிதாகப் படுகிறது: அதற்கு முந்திய காட்டில் மரம் முடிந்துபோனது. அந்த வரிசையை முறிக்கச் சட்டம் மட்டும் போதாது. யாரோ நூறாண்டுக்கு முன் நட்டிருக்கவேண்டும். குருநாகலில் நட்டார்கள், சவண்டலையையும் முதிரையையும் நம்முடைய மாவட்டத்தில் இனிமேல்தான் நடவேண்டும்.