மாத்திரையின் பெயர்



2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது நாம் எல்லாரும் தொற்றுக்கு அஞ்சினோம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையவர்களுக்கு வேறோர் அச்சமும் இருந்தது: டப்பாவில் மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு வரும்? எங்கள் சேகரத்து முதியவர்களில் பலர் மாதம் ஒருமுறை பேருந்தேறிப் பாளையங்கோட்டைக்குச் சென்று மருந்து வாங்கி வந்தவர்கள். பேருந்து நின்றது, மருந்தும் நின்றது.

அனுமதி பெற்று நகருக்குச் சென்றுவந்த வாலிபர் ஒருவரிடம் கொடுத்துவிட, நான் தொலைபேசியில் பட்டியல் எடுத்தேன். "வெள்ளையில ஒண்ணு, ரோஸ்ல அரை ஐயா" என்றே பலரும் சொன்னார்கள். பத்தாண்டுகளாய் விழுங்கிய மருந்தின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. வெட்டிக் கொடுத்த பட்டையில் பெயர் இருந்த பக்கம் பெரும்பாலும் போயிருக்கும். நிறத்தைச் சொன்னால் எந்தக் கடைக்காரர் மருந்து தருவார்?

பீடி சுற்றி வாழ்ந்த ஒரு மூதாட்டி மட்டும் தயங்கவில்லை. பெயர், மில்லிகிராம், வேளை எல்லாவற்றையும் நாட்காட்டியின் பின்புறத்தில் பேத்தியைக் கொண்டு எழுதி வைத்திருந்தார். குளிர்பெட்டி இல்லாத அவ்வீட்டில், ஈர மணல்மேல் வைத்த மண்பானைக்குள் இன்சுலின் குப்பி இருந்தது. பானையில் கசியும் நீர் ஆவியாகையில் வெப்பத்தை எடுத்துச் செல்லும். சித்திரை வெயிலில் அது சிறிய உதவியன்று. செவிலியர் ஒருவர் கற்றுக்கொடுத்ததாம்.

பக்கத்துத் தெருப் பெரியவரோ இருந்த மாத்திரைகளை நீட்டிக்க வழி கண்டிருந்தார். "ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன், மற்ற நாளைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். இரத்த அழுத்த மருந்துகளுள் சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்னிருந்ததைவிட உயரவும் கூடும். மே மாதத்தில் அவருடைய வலக்கை விழுந்தது. தீமோத்தேயுவின் வயிற்று நோவுக்கு ஜெபத்தோடு நில்லாமல் பரிகாரமும் சொன்னவர் பவுல். அவரோடு பயணித்த லூக்கா வைத்தியர். பெரியவர் விசுவாசம் என்று கருதியதை நான் அப்படிக் கருதவில்லை. பணமுடையே அதற்கு அவ்வுடையை உடுத்தியது என்பது என் எண்ணம். கேட்டிருந்தால் சபை வாங்கிக் கொடுத்திருக்கும், கேட்கக் கூச்சம்.

சரீரம் நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட உக்கிராணம் என்று பிரசங்கிக்கிறோம். கணக்கறியாத உக்கிராணக்காரன் எதைக் காப்பான்? அவ்வாண்டு முதல் எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களின் மருந்துகளை ஒரு தாளில் எழுதித் தருகிறார்கள். எழுதும்போது, இரண்டு வீட்டில் ஒரே மருந்து வெவ்வேறு பெயரில் இருமுறை உட்கொள்ளப்படுவது தெரியவந்தது.

2021 ஆகஸ்ட் 5 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பெரியவர் இடக்கையால் பட்டையை வாங்கி, பேரனிடம் நீட்டி, பெயரை உரக்க வாசிக்கச் சொல்கிறார்.