காணை முதல் கடற்கரை வரை: விரிசல் கண்ட படகு

விழுப்புரத்திற்கு மேற்கே, நெல்வயல்களும் கரும்புத் தோட்டங்களும் சூழ அமைந்த ஊர் காணை. கடலைக் காண வேண்டுமாயின் இங்கிருந்து நெடுந்தூரம் செல்லவேண்டும். ஆயினும் வெடித்த பொருளைச் செப்பனிடும் தொழில் நம் தெருக்களுக்குப் புதியதன்று. பிளாஸ்டிக் குடம் ஒட்டுபவர் கூவிக்கொண்டு வருவதை நாம் கேட்டிருக்கிறோம். காய்ச்சிய இரும்பினால் வெடிப்பின் ஓரங்களை இளக்கி, அதே இனத்துப் பிளாஸ்டிக் துண்டை உருக்கி அவர் இணைத்துவிடுவார். குடத்தில் போட்ட ஒட்டு விட்டுப்போனால் வீணாவது ஒரு குடம் தண்ணீர். படகில் போட்ட ஒட்டு நடுக்கடலில் விட்டுப்போனாலோ, ஒரு குடும்பமே தவிக்க நேரும். அத்தகைய ஒட்டினை எவ்வாறு போடுகின்றனர் என்பதை அறியக் கிழக்கு நோக்கிப் புறப்படுவோம்.

விழுப்புரத்தில் நெடுஞ்சாலையை அடைந்து, முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையையும் விக்கிரவாண்டியையும் கடந்து திண்டிவனம் சேர்கிறோம். அங்கிருந்து கிழக்கே பிரியும் சாலை மரக்காணத்திற்குச் செல்கிறது. ஊரை நெருங்குகையில் வயல்கள் மறைந்து உப்பளங்கள் தோன்றுகின்றன. தெற்கே, 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற கழுவெளி ஏரி பரந்து கிடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அப்பால் எக்கியார்குப்பம், அனுமந்தைக்குப்பம், கூனிமேடுகுப்பம் முதலிய மீனவர் ஊர்கள் உள்ளன.

முற்காலத்தில் இக்கரையில் கட்டுமரமே பெருவழக்காக இருந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலை மோதும் மணற்கரையில் இறங்கி ஏறத்தக்க படகுகளை 1980-களில் சோதித்துப் பார்த்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கிய பின்னர் நிவாரணமாக வந்த பைபர் படகுகள் கரையெங்கும் பெருகின. இன்று கட்டுமரங்கள் அருகிவிட்டன.

கண்ணாடி இழைப் பாயில் ரெசின் என்னும் பிசினை ஊட்டி இறுக வைத்ததே பைபர். கரை இறங்கும்போது மணலில் மோதும் மோதலும், எஞ்சினின் ஓயாத அதிர்வும் நாளடைவில் அதனைப் பிளக்கின்றன. குடத்தைப்போல் இது சூட்டில் இளகாது, கருகிவிடும். ஆகவே இதற்கு வேறு வைத்தியம் வேண்டும். முழுவதும் பிளாஸ்டிக்கில் வார்த்த சிறு தோணிகளும் உண்டு. அவற்றில் ரெசின் பிடிக்காது. குடம் ஒட்டுபவரின் வழியே அவற்றுக்கு ஏற்றது.

பைபர் படகைக் கரையேற்றிக் கவிழ்த்து, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, ஈரம் முற்றும் போகக் காயவைக்க வேண்டும். பின்னர் விரிசலைச் சுற்றிலும் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். ஓசை மந்தமாகக் கேட்கும் இடத்தில் உள் அடுக்குகள் பிரிந்துள்ளன என்பது பொருள். கண்ணுக்குத் தெரியும் கோட்டைவிடத் தெரியாத சேதம் பெரிதாயிருப்பதுண்டு. விரிசல் மேலும் ஓடாதிருக்க அதன் இரு முனைகளிலும் சிறு துளையிடுவர்.

அடுத்த வேலை பார்ப்போரைத் திடுக்கிடச் செய்யும். மூட வேண்டிய விரிசலை முதலில் அகலமாக்குகின்றனர்! படகின் சுவர் 6 மில்லிமீட்டர் தடிப்பாயின், விரிசலின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் வரை சரிவாகத் தேய்க்க வேண்டும். அப்பொழுதுதான் புதிய இழை பழைய இழையைப் பரந்து பற்றிக்கொள்ளும். தேய்க்கையில் பறக்கும் கண்ணாடித் தூள் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் தீங்கானது. முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம் தேவை. தூளைத் துடைத்து, இழைப் பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ரெசின் தடவி, காற்றுக் குமிழி ஒன்றும் தங்காதவாறு உருளையால் அழுத்துகின்றனர்.

ரெசினை இறுகச் செய்வது கேட்டலிஸ்ட் என்னும் திரவம். நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கே போதும். நம் நாட்டு வெயிலில் கலவை விரைந்து இறுகிவிடுமாதலால் காலையிலோ மாலையிலோ நிழலில் வேலை செய்வது நலம். கேட்டலிஸ்டையும் கோபால்ட் கலந்த ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றுசேர்க்கலாகாது. தீயோ வெடியோ நேரும். ஒன்றை ரெசினில் நன்கு கலந்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும்.

மேலே சிறிது பிசினைப் பூசி வண்ணம் தீட்டிவிட்டால் அரை நாளில் வேலை முடிந்துவிடும், செலவும் குறையும். கரையில் நிற்கும்வரை இரண்டு படகுகளும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டைக் கடல்தான் சொல்லும். அதனாலன்றோ அறிந்தவர்கள், செப்பனிட்ட படகை முதல் நாள் கரையோரத்திலேயே ஓட்டி, உள்ளே நீர் கசிகிறதா என்று தடவிப் பார்க்கின்றனர்!

இக்கரையில் விடியற்காலை இறங்கும் மீன், கூடையிலும் வண்டியிலும் ஏறி உள்நாட்டுச் சந்தைகளுக்கு வருகிறது. காணை போன்ற ஊர்களில் நாம் அதற்கு விலை பேசும்போது, அலைக்கும் ஒரு மனிதருக்கும் இடையே நிற்பது 6 மில்லிமீட்டர் சுவர் மட்டுமே என்பதையும் எண்ணிக்கொள்வோமாக. அச்சுவரைப் பொறுமையுடன் தேய்த்துத் திறந்து, பின் மூடிய கைகளுக்கும் அவ்விலையில் பங்கு உண்டு.