அம்மாவுக்கு ஒரு துண்டு கேக்

1/ குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சாச்சு. அம்மாவுக்கு 70வது பிறந்தநாள். 15 வருஷமா சுகர். "கேக் வேண்டாம்மா"ன்னேன். "எல்லாம் வேண்டாம்னா எதுக்குல பொறந்தநாளு?"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்லை.

2/ பவுண்டு கேக்கில் மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நாலும் சம எடை. 250 கிராம் சர்க்கரை போட்டு 10 துண்டாக்கினா, துண்டுக்கு 25 கிராம். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாள் முழுக்கவே ஏறக்குறைய இதுக்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது.

3/ நான் செய்தது: கோதுமை மாவு 1 கப், நாட்டுச்சர்க்கரை 50 கிராம், நல்லாப் பழுத்த வாழைப்பழம் 2, தயிர் அரை கப், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. வெண்ணெய் கிடையாது. கேஸ்கட், வெயிட் கழற்றிய குக்கரில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்டு மேல பாத்திரத்தை வைத்து, சிறுதீயில் சுமார் 40 நிமிடம்.

4/ ஆனா நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான். மாவும் பழமும்கூட சுகரை ஏத்தும். "ஹெல்தி கேக்"னு நாலு துண்டு சாப்பிட்டா பிரயோஜனமில்லை.

5/ அம்மாவுக்கு ஒரு துண்டு. ராத்திரி ஒரு இட்லி குறைச்சுக்கிட்டாங்க. "கொஞ்சம் வறட்சியாத்தாம்ல இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே மெதுவா சாப்பிட்டு முடிச்சாங்க. இத்தனை வருஷமா 'கூடாது'ன்னு மட்டும் சொன்னவன், இப்பதான் 'எவ்வளவு'ன்னு சொல்லப் பழகுறேன்.