ஆறு மணி வரலாறு

"முடித்துத் தொலைக்க வேண்டிய பாடம்" என்றுதான் என் மருமகன் அதைக் குறிப்பிட்டான். கற்க வேண்டிய பாடம் என்று அவன் வாயிலிருந்து ஒருமுறையும் வரவில்லை.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் மூன்று மாதம், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த அவள் மகன், அப்போதுதான் பல்கலைக் கழகத்தில் கணிப்பொறியியல் பயிலச் சேர்ந்திருந்தான். எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்று அவன் திட்டமிட்டுக்கொண்டிருக்க, அடுக்களையிலிருந்து என் தங்கை குரல் கொடுத்தாள். "காக்கா, நீங்களாவது இவனுக்குச் சொல்லுங்கள். சரித்திரத்தைப் படிக்காமலே தள்ளிவிடப் பார்க்கிறான்."

செய்தி இதுதான். டெக்சாஸில் அரசின் பொருளுதவி பெறும் எந்தக் கல்லூரியிலும் பல்கலைக் கழகத்திலும் இளநிலைப் பட்டம் வேண்டுமாயின், மாணவன் பொறியியல் படித்தாலும் இசை படித்தாலும், 6 மணி அமெரிக்க வரலாறு படித்தாக வேண்டும் என்று மாநிலச் சட்டமே விதிக்கிறது. ஆறு மணி என்றதும், ஒரு பகலில் முடியக்கூடிய காரியத்துக்கா இத்தனை வழக்கு என்று நான் எண்ணினேன். அவர்கள் கணக்கு வேறு. ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் 3 மணி நேரம் வகுப்பில் அமர்ந்தால்தான் 3 மணி. ஆகவே இரண்டு பருவங்கள். முதற்பாதி 1877 வரை, மறுபாதி அதன் பின். உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்களைச் சீரமைக்க மேற்கொண்ட முயற்சி 1877-இல் கைவிடப்பட்டது. அதனால்தான் அவ்விடத்தில் வெட்டியிருக்கிறார்கள்.

சட்டம் கதவை அடைத்தாலும் சாளரங்களைத் திறந்தே வைத்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத் தேர்வொன்று எழுதித் தேறியிருந்தால் அதைக் காட்டி விலக்குப் பெறலாம். கோடை விடுமுறையில் குறைந்த கட்டணக் கல்லூரியொன்றில் விரைந்து முடித்து, அந்த மணிகளைக் கொண்டுவந்து சேர்க்கலாம். 'கிளெப்' என்றொரு தேர்வும் உண்டு. 120 வினாக்கள், 90 நிமிடங்கள். "ஒன்றரை மணி நேரம், மாமா! ஒரு பருவம் மிச்சம்" என்றான் அவன்.

கண்டித்திருக்க வேண்டும். என்னால் இயலவில்லை. நான் ஓதிய மதரஸாவில் வரலாற்றுப் பாடம் வியாழன் பிற்பகலின் கடைசி மணி. ஊருக்குப் புறப்படப் பெட்டி கட்டும் நேரம் அது. உஸ்தாதும் அவசரத்திலிருப்பார், நாங்களும் அவசரத்திலிருப்போம். நஹ்வு, ஸர்ஃபு, ஃபிக்ஹு இவற்றில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் உறக்கம் வராத நான், வரலாற்றில் தேர்வுக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் உருப்போட்டு ஒப்பித்துவிட்டு வந்தவன். பின்னர் முப்பது ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தும் அந்தக் கடனை நான் அடைத்ததில்லை. ஆயினும் மாமனுக்குரிய மிடுக்கை விட்டுவிட மனமின்றி, "கடமை கழிவது வேறு, அது ஏற்றுக்கொள்ளப்படுவது வேறு என்பார்கள் எங்கள் ஃபிக்ஹு ஆசிரியர்கள்" என்றேன். அவன் சிரித்தான். "கழிந்ததா என்று மட்டுந்தான் பல்கலைக் கழகம் பார்க்கும், மாமா."

அந்த நாட்டிலும் இது பழைய வழக்கே. சார்லஸ் எலியட் 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராயிருந்தபோது, மாணவர் தாம் விரும்பியதைத் தாமே தெரிந்துகொள்ளும் முறையை ஓங்கச் செய்தார். முதல் உலகப் போர் ஓய்ந்ததும் காற்று திரும்பிற்று. 1919-இல் கொலம்பியாக் கல்லூரி, தற்கால நாகரிகம் என்னும் பொதுப் பாடத்தைப் புதிய மாணவர் அனைவர்க்கும் கட்டாயமாக்கியது. 1945-இல் ஹார்வர்டு ஆசிரியர் குழுவே பொதுக் கல்வியை வலியுறுத்தி அறிக்கை வெளியிட்டது. கட்டாயப்படுத்தினால் வெறுக்கிறார்கள், விட்டுவிட்டால் மறந்தே போகிறார்கள். இதற்கு மருந்து கண்டவர் எவரையும் நான் அறியேன்.

தாயின் பிடிவாதம் பாதி வென்றது. முதற்பாதியை வகுப்பிலமர்ந்தே படிக்க அவன் ஒப்பினான்.

அக்டோபர் மாதம் ஓரிரவு, ஒரு தாளை என் முன் வைத்து, "மாமா, இது உங்கள் சங்கதி" என்றான். அக்காலத்தவர் ஒருவர் தம் கையால் எழுதிய மூல ஆவணம் ஒன்றை எடுத்துக்கொண்டு நான்கு பக்கக் கட்டுரை எழுத வேண்டுமாம். பட்டியலில் அரபியில் அமைந்த ஆவணம் ஒன்றிருக்கவே, வீட்டில் ஓர் அரபி ஆசிரியர் சும்மா அமர்ந்திருப்பது அவன் நினைவுக்கு வந்திருக்கிறது.

அது உமர் இப்னு ஸயீது என்பவரின் தன்வரலாறு. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா தோரோ என்னும் நாட்டவர். 25 ஆண்டுகள் கல்வி கற்றவர். 1807-இல் சிறைபிடிக்கப்பட்டு, கப்பலேற்றப்பட்டு, தென் கரோலினாவின் சார்லஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். கொடியவனான எசமானனிடமிருந்து தப்பியோடி, வட கரோலினாவில் பிடிபட்டுச் சிறையிலிருந்தார். பின்னர் ஓவன் என்னும் குடும்பத்தாரிடம் அடிமையாகவே இறுதிவரை வாழ்ந்தார். 1865-இல் அந்நாட்டில் அடிமைமுறை ஒழிக்கப்படுமுன்பே அவர் காலம் முடிந்துவிட்டது. 1831-இல் அவர் எழுதிய அச்சிறு ஏட்டை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2017-இல் பெற்று, 2019-இல் எல்லாரும் காண இணையத்தில் வைத்திருக்கிறது.

எழுத்து மேற்கு ஆப்பிரிக்கப் பாங்கினது. அந்த மரபில் ஃபாவுக்குப் புள்ளி கீழேயிருக்கும். காஃபுக்கு மேலே ஒரே புள்ளி. எங்கள் பாட்டியாரின் அரபுத்தமிழ் ஏடுகளைப் படித்துப் பழகிய கண்ணாதலால் நான் விரைவில் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டதும் செய்தது என்ன? முப்பது ஆண்டுப் பழக்கம். பென்சிலை எடுத்துப் பிழைகளைக் குறிக்கத் தொடங்கிவிட்டேன். இங்கே எழுவாய்க்கு வினை இசையவில்லை, இங்கே ஓரெழுத்து விடுபட்டிருக்கிறது, இங்கே வேற்றுமை பிசகியிருக்கிறது என்று ஓரத்தில் கோடிட்டுக்கொண்டே போனேன். பெருமையாகவும் இருந்தது.

மருமகன் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு உடன் படித்து வந்தவன், ஓரிடத்தில் நின்று அதைத் தன் உடைந்த தமிழில் எனக்குச் சொன்னான். தம் வாழ்க்கையை எழுதும்படி கேட்டவருக்கு உமர் மறுமொழி கூறுகிறார்: தம்மால் எழுத இயலாது, தம் சொந்த மொழியிலும் அரபியிலும் பெரும்பகுதி மறந்துபோயிற்று என்கிறார், சகோதரர்களே என்று விளித்து, தம்மீது குறை காண வேண்டாமென்றும் கேட்டுக்கொள்கிறார்.

பென்சிலைக் கீழே வைத்தேன். 25 ஆண்டுகள் கற்ற ஒருவர், 24 ஆண்டு அடிமை வாழ்வில் பேசத் துணையின்றி இழந்தவற்றை நான் பிழையென்று எண்ணிக்கொண்டிருந்தேன். அழிப்பான் கேட்டு வாங்கி, என் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தேன். மருமகன் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகுதான் தொடக்கத்தை மீண்டும் படித்தேன். பிஸ்மியை அடுத்து அவர் எழுதியிருப்பது முல்க் சூரா. நம் வீடுகளில் இரவுதோறும் ஓதப்படும் தபாரக் சூராதான். முல்க் எனின் ஆட்சி, உடைமை. மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருந்த நாட்டில், உடைமையெல்லாம் யாருக்குரியது என்று கூறும் அத்தியாயத்தை முதலில் வைத்திருக்கிறார். இது தற்செயலன்று என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். எனக்கும் அவ்வாறே தோன்றிற்று. அதை அவனிடம் சொன்னேன்.

அவர் கிறிஸ்தவத் திருச்சபையில் சேர்ந்ததும் வரலாறு. "உள்ளத்தில் எதுவாக இருந்தார், மாமா?" என்று கேட்டான். ஆம் என்றோ இல்லையென்றோ சொல்ல நாக்கு துடித்தது. ஏட்டில் உள்ளதை மட்டும் எழுது என்றேன். எழுதியவர் யார், யாருக்கு, எப்போது, எதற்காக என்று ஒவ்வோர் ஆவணத்தையும் கேட்க வேண்டுமென்று அவன் வகுப்பில் கற்பித்திருந்தார்கள். எங்கள் ஹதீஸ் வகுப்பிலும் இதே கேள்விதான், இஸ்னாது என்போம், சொன்னவர் பெயரில்லாத செய்தி செல்லாது என்று விளக்கினேன். அன்றிரவு பன்னிரண்டு மணிவரை அவன் எழுந்திருக்கவில்லை.

கட்டுரை நல்ல மதிப்பெண்ணுடன் திரும்பி வந்தது. முல்க் சூராவைப் பற்றிய பத்திக்கு மட்டும் பேராசிரியர் வட்டமிட்டிருந்தார். அடிக்குறிப்பில் அவன் என் பெயரையும், மாமா என்னும் உறவையும், நாளையும் எழுதியிருந்தான். வீட்டார் சொன்னதைச் சான்றாகக் கொள்ள இயலாது, அச்சான நூலைக் காட்டுக என்று ஓரத்தில் குறிப்பு. அவன் நூலகத்திலிருந்து ஒரு நூலைத் தேடியெடுத்து, என் பெயரை நீக்கிவிட்டு அதைச் சேர்த்தான்.

மறுபாதி 3 மணியை அடுத்த கோடையில் தேர்வெழுதிக் கழித்துவிட்டதாகத் தங்கை தொலைபேசியில் சொன்னாள். 90 நிமிடம் முடியுமுன்பே எழுந்து வந்துவிட்டானாம்.