புள்ளி இல்லாத அப்பளம்

மக்களே, 2025 அக்டோபர் 14 என்ற தேதி ஞாபகம் இருக்கிறதா? தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்த தேதி. அன்றோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவச மேம்படுத்தல்களை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாமே என்றால், பழைய கணினிகள் பலவற்றில் அது ஏறாது. புதிய ப்ராசஸர் வேண்டும், பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்று நிபந்தனைகள்.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டுக்கு இந்தச் செய்தி கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. அப்பளம் போடுகிற வீடு. (ஊர் தெரியாதவர்களுக்கு: கல்லிடைக்குறிச்சி என்றால் அப்பளம். தாமிரபரணித் தண்ணீரில் மாவு பிசைவதால்தான் அந்த ருசி என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள்.) வீட்டில் இருப்பது ஒரே ஒரு மடிக்கணினி. அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. அவள் கல்யாணமாகிப் போனபின் தம்பியிடம் வந்தது. தம்பி பி.காம் மூன்றாம் ஆண்டு. தினமும் செங்கோட்டை லைன் ரயிலில் திருநெல்வேலி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் போகிற ஆள்.

சரி, அந்த மடிக்கணினியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பரில். முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேல் வாங்கத் திட்டமிட்டார்கள். அவற்றில் விண்டோசோடு பாஸ் லினக்சும் சேர்ந்தே வந்தது. 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம்தான் பாஸ். டெபியன் லினக்சை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது, 2007-ல் வெளிவந்தது. அதே காலத்தில்தான் சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்த எல்காட் நிறுவனம், தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்சுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. ஆக, கட்டற்ற மென்பொருளில் ஓடும் கணினியை லட்சக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுபோய் வைத்த மாநிலம் நம்முடையது. இந்த வாய்ப்பு எத்தனை ஊருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்!

அக்கா வீட்டில் நடந்தது இதுதான். கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர் வரும். எதை அழுத்துவது என்று குழப்பம். அம்பாசமுத்திரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

"அண்ணாச்சி, ஆன் பண்ணினா ரெண்டு பேரு வருது."

"அந்தக் கீழ கெடக்கது நமக்கு எதுக்கும்மா? தூக்கிருதேன்."

முடிந்தது. ஏன் பிடிக்கவில்லை, எது புரியவில்லை, என்ன இருந்திருந்தால் வைத்துக்கொண்டிருப்பாள் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் யாருக்கும் எழுதிப்போடவில்லை. எழுதலாம் என்பதே அவளுக்குத் தெரியாது.

எட்டு வருடம் கழித்து அதே கணினியில் தம்பி லினக்ஸ் மின்ட் ஏற்றினான். 4 ஜிபி நினைவகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பெட்டி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சந்தோஷம் மூன்று நாள்! நான்காம் நாளிலிருந்து ஒரு அறுபது பக்க நோட்டில், 'இதில் சரிசெய்ய வேண்டியவை' என்று தலைப்புப் போட்டு எழுத ஆரம்பித்தான்.

1. டேலி ஓட வேண்டும். அது விண்டோசுக்கான மென்பொருள். அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் அப்பாவுக்கு டேலி கட்டாயமில்லை, தம்பிக்குத்தான் கட்டாயம். வேலைக்குப் போகிற இடத்தில் முதல் கேள்வியே "டேலி தெரியுமா?" என்பதுதானே. இதில் வேடிக்கை என்னவென்றால், 2018-ல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூல்கள் உபுண்டுவையும் ஓப்பன் ஆபீசையும் சொல்லிக்கொடுக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலின் கடைசி அலகு டேலியைச் சொல்லிக்கொடுக்கிறது. ஒரே பையனின் பையில் இரண்டு புத்தகமும் இருக்கும். ஒரே கணினியில் இரண்டும் ஓடாது.

2. அச்சுப்பொறி. கடைத்தெருவில் பார்க்கிற சின்ன லேசர் மெஷின் ஒன்று வீட்டிலும் உண்டு. விண்டோசில் செருகினால் அச்சடிக்கும். இங்கே செருகினால் பெயரை மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

3. பழைய தமிழ்க் கோப்புகள். அரசு அலுவலகங்களில் 2010-ல் ஒருங்குறி ஆணை வரும் முன் 'வானவில்' போன்ற எழுத்துருக்களில்தான் தட்டினார்கள். அந்தக் கோப்பைத் திறந்தால், எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து கொட்டிக் கிடக்கும். அப்பாவின் பழைய விலைப்பட்டியல்களும் அந்த ரகம்தான்.

4. இணையம் இல்லாமல் மென்பொருள் சேர்க்க எளிய வழி. வீட்டில் இருப்பது போன் டேட்டா மட்டும். ஒன்றைச் சேர்க்கப் போனால் அதன் சொந்தபந்தங்களையெல்லாம் சேர்த்து இறக்கச் சொல்கிறது. அன்றைய டேட்டா காலி.

5. தமிழ்99.

இந்த ஐந்தாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தமிழ்99 என்பது 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. தம்பி அதை ஒரு கோடை விடுமுறையில் டி.டி.பி. கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவன். அதன் அழகே புள்ளியில்தான் இருக்கிறது. 'ப' விசையை இரண்டு முறை அழுத்தினால் முதல் எழுத்துக்கு அதுவே புள்ளி வைத்து 'ப்ப' என்று கொடுக்கும். 'ந' அழுத்தி 'த' அழுத்தினால் 'ந்த' வரும். தமிழில் இந்தச் சேர்க்கைகள் எவ்வளவு வருகின்றன என்று கணக்குப் பார்த்துச் செய்த ஏற்பாடு.

மின்ட்டின் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 என்ற பெயரைப் பார்த்ததும் துள்ளிக் குதித்து அதையே தேர்ந்தெடுத்தான். தென்காசிக் கடை ஒன்றுக்கான விலைப்பட்டியலைத் தட்டினான். உளுந்து, மிளகு, அரிசி என்று வகைகள், நூறு எண்ணக் கட்டு, விலை. வெளியே கொண்டுபோய் அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தான்.

அப்பா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இது என்னலே, 'அபபளம்'? பல்லு போன கெழவி சொன்ன மாதிரி இருக்கு!"

ஒரு வரி விடாமல் 'அபபளம்'. ஒரு இடத்திலும் புள்ளி இல்லை!

காரணம் பிறகுதான் புரிந்தது. லினக்சில் விசைப்பலகை இரண்டு அடுக்கில் வேலை செய்கிறது. கீழ் அடுக்குக்குத் தெரிந்தது 'இந்த விசைக்கு இந்த எழுத்து' என்பது மட்டும். முன்னால் என்ன தட்டினீர்கள் என்று அதற்கு ஞாபகம் இருக்காது. ஆகவே எழுத்துகள் தமிழ்99 இருக்கும் இடத்தில் இருக்கும், விதி இருக்காது. விதியோடு வேண்டுமானால் மேல் அடுக்கில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளையும் அதற்குரிய எம்17என் தொகுப்பையும் நிறுவ வேண்டும். அங்கே இன்னொரு தமிழ்99 இருக்கிறது. இரண்டுக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்றே. எது எதற்கு என்று சொல்ல ஒரு வரி கிடையாது. அவசரமாகத் தட்ட வந்தவனுக்குக் கிடைப்பது முதலாவதுதான்.

சரி, நோட்டு நிறைந்தது. அடுத்து என்ன?

இப்படி யோசனை சொல்பவர்களுக்கு என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. உபுண்டு 2004-ல் வந்தபோது, அதன் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் பதிந்த முதல் வழு என்ன தெரியுமா? சந்தையில் பெரும்பங்கு மைக்ரோசாப்ட்டிடம் இருக்கிறது என்பதுதான் வழுவே! அதை 2013-ல் அவரே மூடினார். கைப்பேசியும் டேப்லெட்டும் வந்து சந்தையே மாறிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். 2008-ல் 'பிரைன்ஸ்டார்ம்' என்று ஒரு ஏற்பாடு வந்தது. யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம், மற்றவர்கள் வாக்களிக்கலாம். சில ஆண்டுகளில் அதையும் மூடிவிட்டார்கள். வாக்கு விழுவது ஒன்று, உட்கார்ந்து நிரல் எழுத ஆள் வருவது வேறொன்று.

2010-ல் சாளரத்தின் பொத்தான்களை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றினார்கள். பயனர்கள் கொதித்துப் போனார்கள். வடிவமைப்பை வாக்கெடுத்து முடிவு செய்வதில்லை என்று ஷட்டில்வொர்த் சொல்லிவிட்டார். 2011-ல் யூனிட்டி என்ற புதிய முகப்பு வந்தது, அதற்கும் எதிர்ப்பு. 2017-ல் அதைக் கைவிட்டு மறுபடி க்னோமுக்கே போனார்கள். இடையில் கோபித்துக்கொண்டவர்களில் பலர் மின்ட் பக்கம் வந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் உருப்படியான ஒன்று 2009-ல் நடந்தது. 'நூறு காகிதக் கீறல்கள்' என்று ஒரு திட்டம். காகித விளிம்பு விரலைக் கீறினால் உயிர் போகாது, ஆனால் நாள் முழுக்க எரியும் இல்லையா? அதுபோன்ற சின்னச் சின்னத் தொந்தரவுகளைப் பயனர்களிடம் கேட்டு வாங்கி, அந்த ஆண்டு அக்டோபர் வெளியீட்டுக்குள் நூறைச் சரிசெய்யப் பார்த்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: ஒருவர் ஒரு நாளில் சரிசெய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

இதை வைத்துத் தம்பியின் நோட்டைப் பார்த்தால் விஷயம் விளங்கும். டேலி, அதை எழுதிய நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அச்சுப்பொறி, அதைச் செய்தவர்கள் கையில். பழைய கோப்புக்கு எழுத்துரு மாற்றி தனியாக வேண்டும். நான்காவது நியாயமானதுதான், ஆனால் பெரிய வேலை. பல பேர் பல மாதம் உழைக்க வேண்டும். முதல் மூன்றும் முகவரி மாறிய கடிதங்கள். ஐந்தாவது மட்டும் அசல் காகிதக் கீறல். பெயரை மாற்றினால் போதும், அல்லது பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பு.

பி.காம் மக்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். இருப்பாய்வு சரியாக வரவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போம். பிழை எந்தப் பதிவில் என்று கண்டுபிடிக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். 'லினக்ஸ் கஷ்டமா இருக்கு' என்பது அப்படி அனாமத்தில் போட்ட தொகை. 'இந்த விசையை அழுத்தினேன், இது வந்தது, இது வந்திருக்க வேண்டும்' என்பது பிழையைக் கண்டுபிடித்த பதிவு. முதலாவதை வைத்து யாராலும் எதையும் திருத்த முடியாது.

ஆனால் இதோடு நிறுத்தினால் பழி முழுவதும் பயனர் தலையில் விழும். அது அநியாயம். ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருக்கிற ஒரு நிரலருக்கு 'அபபளம்' ஏன் தப்பு என்று தெரிய வழியே இல்லை. திரையில் தமிழ் எழுத்து வருகிறது, அவர் கண்ணுக்கு எல்லாம் சரி. தப்பு என்று தெரிந்தவர்கள் கல்லிடைக்குறிச்சியிலும் முக்கூடலிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிப் பழகவில்லை. எங்கே எழுதுவது என்று அவர்களுக்கு யாரும் காட்டவும் இல்லை. மடிக்கணினி கொடுத்தபோது ஒரு பெட்டி, ஒரு பை. கூடவே 'எது கஷ்டமாக இருந்தாலும் தமிழிலேயே எழுதி இங்கே போடுங்கள்' என்று ஒரு அஞ்சலட்டை இருந்திருந்தால்? லட்சக்கணக்கான பயனர்கள் இருந்தார்கள். அண்ணாச்சி கடையில் ஐந்து நிமிடத்தில் அழிந்தது பாஸ் மட்டுமல்ல, அக்கா சொல்லியிருக்கக்கூடிய யோசனையும்தான்.

தம்பி ஐந்தாவதை மட்டும் எழுதினான். நான்கு வரி ஆங்கிலத்துக்கு ஒரு சாயங்காலம் போனது. எந்தப் பதிப்பு, எந்த விசை, என்ன வந்தது, என்ன வர வேண்டும். உதாரணத்துக்கு 'அப்பளம்' என்றே போட்டான். அப்படியென்றால் என்ன என்று கேட்பார்களே என்று, எண்ணெயில் போட்டால் பொரிந்து எழும்பும் உளுந்து வட்டம் என்று அடைப்புக்குறிக்குள் விளக்கமும் கொடுத்தான்! பத்து நாள் கழித்து ஒருவர், இது கீழ் அடுக்கிலா மேல் அடுக்கிலா என்று கேட்டிருந்தார். பதில் போட்டான். அதற்குப்பின் ஒன்றும் வரவில்லை. இன்னும் அனாமத்தில்தான் கிடக்கிறது.

டேலிக்காக விண்டோஸ் ஒரு ஓரத்தில் இருக்கிறது, இணையத் தொடர்பு இல்லாமல். (கல்விப் பதிப்புதான், 1, 2, 31 தேதிகளில் மட்டும் பதிவு போடுகிற கூத்து உங்களுக்கும் தெரியும்.) மற்றதெல்லாம் மின்ட்டில். ஐபஸ் போட்டபின் விலைப்பட்டியல் ஒழுங்காக வருகிறது. அப்பா ஒவ்வொரு முறையும் முதலில் புள்ளியைத்தான் பார்க்கிறார்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய மடிக்கணினி இருக்கும். அதில் லினக்ஸ் ஏற்றிப் பாருங்கள். நிச்சயம் எங்கேயாவது கீறும். கீறினால் உடனே அழித்துவிடாமல் எந்த விசை, என்ன வந்தது என்று ஒரு வரி குறித்து வையுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், போதும். ஆங்கிலத்தில் மாற்றித் தர பி.காம் மூன்றாம் ஆண்டில் இப்போது ஒரு ஆள் தயாராக இருக்கிறான்.